அளந்து எழுதிய அம்மாள்

நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரி, லிஃப்ட், பார்க்கிங் இந்த மூன்றுக்கும் அடுத்தபடி அதிகம் வருவது எது என்று கவனித்திருக்கிறீர்களா? சமையல் சந்தேகம்தான். காரடையான் நோன்புக்கு முதல் நாள் ராத்திரி, அடைக்கு மாவை எவ்வளவு வறுப்பது என்று ஒருவர் கேட்பார். குழந்தைக்குச் சளி, அம்மா வைக்கிற மாதிரி மிளகு ரசம் வரமாட்டேன் என்கிறது என்று இன்னொருவர். ஐந்து நிமிடத்தில் பத்து பதில் வந்துவிடும். பத்திலும் கொஞ்சம் என்கிற சொல் இருக்கும். கொஞ்சம் பெருங்காயம், கொஞ்சம் புளி, கொஞ்சம் வறுத்து, கொஞ்சம் கொதிக்கவிட்டு. தெரிந்தவருக்கு அது போதும். தெரியாதவருக்கு அது பதிலே இல்லை.

அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று உட்கார்ந்து அளந்து எழுதி வைத்த ஒருவரைப் பற்றி இந்த இதழில் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் பெயரைச் சொன்னால் உங்களில் பலருக்கு உடனே பிடிபடாது. புத்தகத்தின் பெயரைச் சொன்னால் தெரியாதவர் குறைவு. ‘சமைத்துப் பார்’. எழுதியவர் எஸ். மீனாட்சி அம்மாள். அட்டை கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்து, முதல் பக்கத்தில் யாரோ ஓர் அத்தை எழுதிய கல்யாண வாழ்த்தோடு அந்தப் புத்தகம் இன்னும் உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கலாம். போய்ப் பாருங்கள்.

மீனாட்சி அம்மாள் பிறந்தது 1905இல். பெண்ணின் கல்யாண வயதைப் பதினான்காக உயர்த்திய சாரதா சட்டம் வருவதற்கு இன்னும் 24 வருடம் இருந்த காலம். பெண்கள் பள்ளிக்கூடம் போன வருடங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மீதிப் படிப்பெல்லாம் அடுக்களையில்தான். அம்மாவுக்கும் பாட்டிக்கும் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் கறிவேப்பிலை உருவுவது, பிறகு காய் நறுக்குவது, பிறகு அடுப்பைத் தள்ளிவிடுவது, கடைசியில்தான் உப்புப் போடும் உரிமை. அந்தப் படிப்புக்கு நோட்டுப் புத்தகம் கிடையாது. வாசனை வந்ததும் இறக்கு என்றால் எந்த வாசனை என்பது பத்து வருடம் பக்கத்தில் இருந்தால்தான் தெரியும்.

அவர் இளம் வயதிலேயே கணவரை இழந்தார். வளர்க்க ஒரு மகன், பார்த்துக்கொள்ள மாமியார், நடத்த ஒரு குடும்பம். அன்றைய பிராமணக் குடும்பங்களில் கைம்பெண்ணின் நிலைமை என்னவென்று நம்மில் மூத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு நூறு பேருக்கு முறுக்கும் அதிரசமும் செய்ய அவள் வேண்டும். மணமேடைக்குப் பக்கத்தில் அவள் வரக்கூடாது. ஊருக்கெல்லாம் வக்கணையாகச் சமைப்பாள். அவளுக்கு ஒரு வேளைச் சோறு, ராத்திரிக்கு ஏதாவது பலகாரம், வெங்காயம் பூண்டு கிடையாது. அடுக்களை மட்டும்தான் அவள் ராஜ்ஜியம். அதுவும் அவள் பெயரில் இல்லாத ராஜ்ஜியம்.

அந்தத் தலைமுறையில் இதை உடைத்துக்கொண்டு வெளியே வந்தவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் சகோதரி சுப்புலட்சுமி. 11 வயதில் கணவரை இழந்தவர், படித்துப் பட்டம் வாங்கி, 1912இல் சென்னையில் இளம் விதவைகளுக்கென்று சாரதா இல்லத்தை ஏற்படுத்தினார். கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அந்தப் பெண்கள் தங்கிப் படித்தார்கள். வயதான பிறகு, 1954இல், நம் பக்கத்து மாடம்பாக்கத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான ஒரு சேவை மையம் அமையவும் உதவினார். அவர் வழி பள்ளிக்கூடத்தின் வழி. மீனாட்சி அம்மாள் அந்த வழியில் போகவில்லை. எந்த அடுக்களையில் அவரை உட்கார்த்தி வைத்தார்களோ, அதையே ஒரு தொழிலாகவும், அச்சில் ஏறிய தன் பெயராகவும் மாற்றிக்கொண்டார். இது சின்னக் காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

எப்படி ஆரம்பித்தது என்றால், கடிதங்களில்.

அவர் கை நன்றாக இருக்கும் என்று உறவு முழுக்கத் தெரியும். அதே சமயம் உறவு முழுக்க ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. ரயில்வே, தபால் இலாகா, அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸ், வங்கி என்று உத்தியோகம் கிடைத்த இடமெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் போயின. பம்பாயில் மாதுங்கா, தில்லியில் கரோல் பாக் என்று குடியிருப்புகள் உருவாயின. இரண்டு அறை வீட்டில் புருஷன் பெண்டாட்டி மட்டும். மாமியார் இல்லை என்பதில் ஒரு சௌகரியம் இருந்திருக்கும். ஆனால் ஆடிப்பெருக்கு வந்தால், கனுப்பொங்கல் வந்தால், வீட்டுக்காரரின் மேலதிகாரி சாப்பிட வந்தால், கேட்க ஆள் இல்லை. டெலிபோன் வைத்திருந்த வீடுகள் மிகக் குறைவு. கார்டு போட்டுக் கேட்டார்கள். மீனாட்சி அம்மாள் பதில் எழுதினார். ஒரே செய்முறையைத் திரும்பத் திரும்ப ஒவ்வொருவருக்கும் எழுதினார்.

அவருடைய மாமா கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் இதைப் பார்த்தார். சென்னையில் பெயர்பெற்ற வக்கீல், சங்கீத வித்வத் சபையின் தலைவராகப் பல வருடம் இருந்தவர். இப்படித் தனித்தனியாக எழுதுவதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரு புத்தகமாகவே போட்டுவிடலாமே என்று தூண்டியவர் அவர்தான். இன்றைக்கு இது சாதாரண யோசனையாகத் தெரியும். அன்றைக்கு அவர்கள் வட்டத்தில் சமையல் புத்தகம் என்றால் சிரித்திருப்பார்கள். சமையலைப் புத்தகம் பார்த்தா கற்றுக்கொள்வது? பார்த்துச் சமைப்பவள் வளர்ந்த வீடு எப்படிப்பட்டது என்று கேட்டிருப்பார்கள். புத்தகம் வாங்குவதே ஒரு பெண் தனக்குச் சமைக்கத் தெரியாது என்று ஊரறிய ஒப்புக்கொள்வது மாதிரி.

தமிழில் அதற்கு முன் சமையல் நூலே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இந்து பாக சாஸ்திரம் என்று ஒன்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அச்சில் வந்திருந்தது. ஆனால் தனியாக ஒரு வீட்டில், ஒரு அடுப்பு முன்னால், நாலு பேருக்குச் சமைக்க வேண்டிய இருபது வயதுப் பெண்ணை மனதில் வைத்து எழுதியது என்றால் அது மீனாட்சி அம்மாளுடைய புத்தகம்தான் என்பது என் அபிப்பிராயம்.

இதே சமயம் உலகத்தின் மறுபக்கத்தில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் இர்மா ராம்பவர் என்ற பெண்மணி, கணவர் இறந்த மறு வருடம், 1931இல், கையிலிருந்த பணத்தைப் போட்டு ஒரு சமையல் புத்தகத்தைத் தானே 3,000 பிரதி அச்சிட்டார். பின்னாளில் அவர் மகளும் பேரனும் அதைத் திருத்தித் திருத்திப் புதுப்பித்தார்கள். அமெரிக்க வீடுகளில் ‘ஜாய் ஆஃப் குக்கிங்’ இல்லாத அடுக்களை குறைவு என்று சொல்லுமளவுக்கு அது பரவியது. இவரும் அவரும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. கணவரை இழந்த இரண்டு பெண்கள், இருபது வருட இடைவெளியில், ஒரே மாதிரி ஒரு காரியம் செய்திருக்கிறார்கள்.

சரி, அவர் செய்த வேலையின் கஷ்டம் எங்கே இருக்கிறது? இதை நீங்கள் செய்து பார்த்தால்தான் புரியும். உங்கள் வீட்டில் நன்றாகச் சமைப்பவர் யாரோ, அவரைப் பார்த்து, சாம்பாருக்கு எத்தனை கிராம் புளி என்று கேளுங்கள். தெரியாது என்பார். தெரியாமல் இல்லை. அவர் கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. முப்பது வருடமாக அதே விரல்கள் அதே அளவை எடுத்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் கையை நிறுத்தி, தராசு முன்னால் கொண்டுபோய், எண்ணாக மாற்ற வேண்டும். மாற்றியதை வைத்து மறுபடி சமைக்க வேண்டும். சரியாக வரவில்லை என்றால் எண்ணைத் திருத்த வேண்டும். ஒரு வத்தக்குழம்புக்கு இது நாலு நாள் வேலை. ஒரு புத்தகம் முழுவதற்கும் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல், அவர் எழுதிய காலத்து அளவுகள் இப்போதுபோல் ஒரே மாதிரியானவை அல்ல. அரிசியும் பருப்பும் ஆழாக்கு, உழக்கு, படிக் கணக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி. புளியும் வெல்லமும் பலம், வீசைக் கணக்கு. ஒரு பலம் நம் கணக்கில் ஏறக்குறைய 35 கிராம், நாற்பது பலம் ஒரு வீசை. ஊருக்கு ஊர் படியே வேறுபடும். பட்டணம் படியும் மற்ற ஊர்ப் படியும் ஒன்றல்ல.

நெருப்புக்கோ அளவே கிடையாது. விறகடுப்பில் சிம் என்று ஒரு குமிழ் இல்லை. இரண்டு கட்டையை வெளியே இழுத்தால் அதுதான் சிம். வெண்கலப் பானையில் சாதம், கல்சட்டியில் குழம்பு, ஈயச் செம்பில் ரசம். கல்சட்டி அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். ஈயச் செம்பைத் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்தால் உருகி ஓடிவிடும். இதையெல்லாம் அம்மா பக்கத்தில் இருந்து சொல்வாள். பக்கத்தில் அம்மா இல்லாதவளுக்காகத்தான் இந்தப் புத்தகம். அதனால்தான் அவர் தேவையான சாமான்களை முதலில் அளவோடு வரிசையாகச் சொல்லிவிட்டு, பிறகு எதற்குப் பின் எது என்று ஒவ்வொரு படியாகப் போகிறார். அலங்காரம் இல்லை, கதை இல்லை, தன் பெருமை இல்லை. இன்றைய சமையல் வீடியோக்களில் செய்முறை வருவதற்கு முன் எட்டு நிமிடம் பொறுமை காக்கும் நமக்கு அது பெரிய நிம்மதி.

முதல் பாகம் வெளிவந்தது 1951இல். அந்த வருடத்தை யோசித்துப் பாருங்கள். யுத்தகாலத்து ரேஷன் இன்னும் முடியவில்லை. மழை பொய்த்திருந்தது. வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று மத்திய அரசே கேட்டுக்கொண்டிருந்தது. சென்னை மாகாணத்தில் ராஜாஜி முதலமைச்சராகி, 1952 ஜூனில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகுதான் அரிசி தாராளமாகக் கடைக்கு வந்தது. நெய்யும் முந்திரியும் சர்க்கரையும் அளவாகக் கிடைத்த நாளில் அக்காரவடிசல் அளவு சொல்லும் ஒரு புத்தகம்! ஆனால் பஞ்ச காலத்தில்தான் அளவின் அருமை தெரியும் என்பதும் உண்மை. இருக்கும் ஒரு ஆழாக்குப் பருப்பைப் பாழாக்கிவிட்டால் அடுத்த ரேஷன் வரை பருப்பு கிடையாது. சமைத்துப் பார்த்துக் கெட்டுப்போனால் பரவாயில்லை என்று சொல்லும் வசதி அன்றைக்கு யாருக்கும் இல்லை.

புத்தகம் மெல்ல மெல்லத்தான் நடந்தது என்றாலும், நடந்தது. அடுத்தடுத்த பாகங்கள் வந்தன. அவற்றில் பண்டிகை, கல்யாணம் போன்ற விசேஷங்களுக்கான விவரங்களும் சேர்ந்தன. எந்த மணமேடைப் பக்கம் கைம்பெண் வரக்கூடாது என்று ஊர் சொன்னதோ, அந்த மேடையில் எதற்குப் பின் எது, எவ்வளவு சாமான் என்பதைத் தமிழ்க் குடும்பங்கள் ஒரு கைம்பெண் எழுதிய புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டன. இதை அவர் எங்கேயும் சுட்டிக்காட்டிச் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன். கல்யாணச் சீர்வரிசையில் வெள்ளிக் குத்துவிளக்கோடு இந்தப் புத்தகமும் போவது வழக்கமாயிற்று. ஆங்கிலத்திலும் வந்தது. அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் படிக்கப் போன பையன்களின் பெட்டியில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் இது இருந்தது. பெண்ணுக்காக எழுதிய புத்தகத்தை வைத்து ரசம் வைக்கக் கற்றுக்கொண்ட ஆண்கள் அநேகம். நம் குடியிருப்பிலேயே அப்படிச் சிலர் இருப்பார்கள், பெயர் சொல்ல மாட்டேன்.

மீனாட்சி அம்மாள் 1962இல் காலமானார். 57 வயது. அதே 1962 ஏப்ரலில்தான் நாடு முழுவதும் பழைய எடைகளும் அளவுகளும் விலக்கப்பட்டு, கிலோவும் லிட்டரும் மட்டும் என்று ஆயிற்று. அவர் எழுதிய பலமும் வீசையும் அவரோடு கூடவே போய்விட்டன என்று சொல்லலாம். புத்தகம் போகவில்லை. அவர் வீட்டு அடுத்த தலைமுறையினர் அளவுகளை மாற்றி, பதிப்பித்துக்கொண்டே வந்தார்கள். இன்றைக்கும் சென்னையில் புத்தகக் கடைகளில் கிடைக்கிறது.

ஆனால் எண் மாறினால் மட்டும் போதுமா? புத்தகத்தைப் பார்த்து அப்படியே செய்தும் பாட்டி ருசி வரவில்லை என்று குறைப்படுபவர்களுக்காக இரண்டு விஷயம் சொல்கிறேன். முதலாவது குக்கர். நம் நாட்டில் பிரஷர் குக்கர் பரவலாக விற்பனைக்கு வந்ததே 1950களின் இறுதியில்தான். முதல் பாகம் எழுதியபோது துவரம்பருப்பு திறந்த பானையில் விளக்கெண்ணெய் ஒரு சொட்டும் மஞ்சள்பொடியும் போட்டு நிதானமாக வெந்தது. ஆகவே பழைய செய்முறையில் சொல்லும் தண்ணீர் அளவை அப்படியே குக்கரில் ஊற்றினால் குழம்பு நீர்த்துத்தான் போகும். ஆவியாகிப் போக வேண்டிய தண்ணீர் போக வழி இல்லை. இரண்டாவது தண்ணீர். நம் கடற்கரைப் பக்கத்து போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் கடினத்தன்மை உள்ளது. அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிவிடும், எத்தனை விசில் விட்டாலும் மசியாது. பழைய செங்கல்பட்டுக்காரர்கள் சமையலுக்கென்று தனியாக நல்ல தண்ணீர் எடுத்து வந்தது வெறும் சம்பிரதாயம் இல்லை. பருப்புக்கு மட்டுமாவது குடிதண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பாதி மாமியார் மருமகள் சண்டை இந்தத் தண்ணீரால் வந்தது என்று நான் நினைப்பதுண்டு.

இனி அந்தப் புத்தகத்தில் இல்லாததைப் பற்றி. ‘சமைத்துப் பார்’ ஒரு சமூகத்தின் அடுக்களை. தமிழ் பிராமணச் சைவச் சமையல். அவர் தனக்குத் தெரிந்ததை எழுதினார், தெரியாததை எழுதவில்லை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. மற்ற அடுக்களைகளுக்கு அப்படி ஒரு மீனாட்சி அம்மாள் அமையவில்லை. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் குடியிருக்கும் செங்கல்பட்டு மாவட்டம் 2019இல்தான் தனியாகப் பிரிந்தது. அதற்கு முன் காஞ்சிபுரமும் நாமும் ஒன்று. அந்தக் காஞ்சிபுரத்தின் வரதராஜப் பெருமாள் கோயிலில் மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து, மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் இட்லி இன்றைக்கு ஹோட்டல் மெனுவில் வரைக்கும் வந்துவிட்டது. கோயில் மடைப்பள்ளி அதைக் காப்பாற்றியது. கோயில் இல்லாத சமையலை யார் காப்பாற்றுவது?

கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரைக்கும் இந்தக் கடற்கரையில் எத்தனை மீனவக் குப்பங்கள்! ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மீன் குழம்பு உண்டு. பெரும்பாலும் தேங்காய் அரைக்காமல், புளிக்கரைசலில், வெந்தயம் தாளித்து, மாங்காய் கிடைத்தால் மாங்காய் போட்டு, மண்சட்டியில் வைத்து, அன்றைக்குச் சாப்பிடுவதைவிட மறுநாள் காலை பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதற்கென்றே வைப்பது. வஞ்சிரத்துக்கு ஒரு புளிப்பு, சங்கராவுக்கு ஒரு புளிப்பு, நெத்திலிக்கு வேறு. எந்த மீனுக்கு எவ்வளவு என்பது குழம்பு வைக்கும் அம்மாவின் கைக்கு மட்டும் தெரியும். அதேபோல் ஏரிக்கரை நண்டையும் காட்டுக் கீரையையும் தெரிந்து சமைக்கும் இருளர் வீடுகள். கோவளத்து இஸ்லாமியர் வீடுகள். செங்கல்பட்டுச் சிறுமணி நெல் விளைந்த காலத்தில் அந்தச் சோற்றுக்கென்று இருந்த குழம்புகள். பாரம்பரிய நெல்லைத் தேடிப்பிடித்துக் கொண்டுவர ஆட்கள் இருக்கிறார்கள். குழம்பைத் தேடுவதற்கு அவ்வளவு ஆட்கள் இல்லை. குப்பத்துப் பிள்ளைகள் படித்து மறைமலை நகரில் வேலைக்குப் போய் ஃபிளாட்டில் குடியேறுகிறார்கள். 1930களில் மாதுங்காவுக்குப் போன பெண்ணுக்கு இருந்த அதே நிலைமை. அவளுக்குக் கடிதம் எழுத ஒருவர் இருந்தார் என்பதுதான் வித்தியாசம்.

நம் குடியிருப்பில் திருநெல்வேலியும் தஞ்சாவூரும் ஆந்திராவும் கேரளாவும் ஒரே தளத்தில் எதிரெதிர் கதவாக இருக்கின்றன. உங்கள் அம்மாவோ மாமியாரோ ஊரிலிருந்து வந்து ஒரு மாதம் தங்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பாருங்கள். அவரை அளக்கச் சொல்லாதீர்கள். அளக்கச் சொன்னால் கை தடுமாறும், அந்தச் சமையலே வேறாகிவிடும். ஒவ்வொரு சாமானையும் நீங்கள் முன்கூட்டியே நிறுத்துத் தனித்தனிக் கிண்ணத்தில், தேவைக்கு மேலேயே வைத்துவிடுங்கள். அவர் வழக்கம்போல் கைபோன போக்கில் எடுத்துப் போடட்டும். சமையல் முடிந்த பின் கிண்ணத்தில் மீதி எவ்வளவு என்று நிறுத்துக் கழியுங்கள். கழித்து வருவதுதான் அவர் கை.

எங்கள் வீட்டு மிளகுக் குழம்புக்கு இப்படிக் கணக்கெடுத்தபோது கிடைத்ததைக் கீழே தருகிறேன். நாலு பேருக்கு, இரண்டு வேளை வரும். மிளகு 1 மேஜைக்கரண்டி, துவரம்பருப்பு 1 மேஜைக்கரண்டி, உளுத்தம்பருப்பு 1 மேஜைக்கரண்டி, மிளகாய் வற்றல் 4, கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, பெருங்காயப்பொடி கால் டீஸ்பூன். இவற்றை 1 மேஜைக்கரண்டி நல்லெண்ணெயில், பருப்பு பொன்னிறமாகும்வரை வறுத்து, ஆறியபின் தண்ணீர் தெளித்து விழுதாக அரைக்க வேண்டும். கறிவேப்பிலையை அடுப்பை அணைத்த பிறகுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் கருகிக் கசக்கும். புளி 30 கிராம், வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து மொத்தம் 600 மில்லி ஆக்கிக்கொள்ளுங்கள். அகலமான வாணலியில் 3 மேஜைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டுக் கடுகு தாளித்து, புளிக்கரைசல், 10 கிராம் உப்பு சேர்த்துப் பத்து நிமிடம் பச்சை வாசனை போகக் கொதிக்கட்டும். விழுதைக் கரைத்து விட்டு, தீயைக் குறைத்து இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நின்றால் இறக்கிவிடலாம். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாராளமாக இருக்கும். ஜுரம் விட்ட பிறகு வாய்க்கசப்புக்கும், வெளியூர் போய்விட்டு வந்த ராத்திரிக்கும், சுட்ட அப்பளத்தோடு.

உப்பு 10 கிராம் என்பது பொடி உப்புக்கு. கல் உப்பை ஸ்பூனால் அளந்தால் எடை குறைவாக வரும், எனவே தராசில்தான் நிறுக்க வேண்டும்.

அடுத்த இதழிலிருந்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இப்படி அளந்த ஒரு செய்முறையைப் போடலாம் என்று ஆசிரியர் குழு சொல்லியிருக்கிறது. சைவம், அசைவம் இரண்டும் வரலாம். குப்பத்து மீன் குழம்பு யாராவது அனுப்பினால் அதற்கு முதல் பக்கம் தரச் சொல்லி நானே வாதாடுகிறேன். எழுதும்போது ஊர் பெயரும், யார் கையிலிருந்து வந்தது என்பதும், என்ன அடுப்பு, என்ன பாத்திரம் என்பதும் இருக்கட்டும். ஒரு டம்ளர் என்று எழுதுவதாக இருந்தால் அந்த டம்ளர் எத்தனை மில்லி பிடிக்கும் என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.